மறுமொழி: ஓசிடி, விழித்திரை, டிமென்ஷியா – கலைச்சொல் வேணும்

அண்ணா, வணக்கம்.

ஓசிடிங்கிறது ஒளிய வச்சு விழித்திரையோட அடுக்குகளப் படம் எடுக்குற கண் ஸ்கேன். அத வச்சு டிமென்ஷியாவுக்கான (ஞாபகமும் சிந்தனையும் சரியுற மூளை நோய்) அறிகுறியத் தேடுறதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னுதான் பேசிட்டிருக்கோம். போன மடல்ல நீங்க "கண்வழி மறதிநோய் கண்டறிதல்"னு போட்டிருந்தீங்க, அக்கா அத "விழிவழி மறதி வருடல்"னு சுருக்கினாங்க. ரெண்டுமே வாய்க்கு நல்லா வருது. ஆனா ரெண்டுலயும் நோயோட பேரு உள்ள உக்காந்திருக்கு, எனக்கு அதுலதான் சம்மதமில்ல. ஓசிடி மெஷின் டிமென்ஷியாவ பாக்கல, விழித்திரையோட தடிமனத்தான் அளக்குது. சொல்லும் அந்த அளவோட நிக்கணும்.

கண்ணுல போயி ஏன் தேடுறாங்கன்னா, கரு வளரும்போது முன்மூளைலேர்ந்து பிதுங்கி வர்ற பகுதிதான் விழித்திரை, அதாவது அது மூளையோட சொந்தத் திசு, மண்டையத் திறக்காம வெளிச்சத்த மட்டும் வச்சு நேரா பாக்க முடியுற திசு. அதோட உள்பக்கம் ஓடுற நரம்பிழைங்க எல்லாம் ஒண்ணு சேந்துதான் பார்வை நரம்பா மூளைக்குப் போகுது. அல்சைமர் (டிமென்ஷியாவுல ரொம்பப் பரவலான வகை) வந்து இறந்தவங்களோட பார்வை நரம்புல இந்த இழைங்க குறைஞ்சிருக்குன்னு 1986லயே ஆய்வு வந்திருச்சு. 1991ல ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ எல்லாம் இருந்த எம்ஐடி குழு ஓசிடிய வெளியிட்டாங்க, அதுக்கப்புறம்தான் உயிரோட இருக்கிறவங்க கண்ணுல அந்த நரம்பிழைப் படலத்த மைக்ரான் கணக்குல அளக்குறது சுலபமாச்சு.

இந்த ஓசிடிக்கு "ஒளியியல் ஓரியல் தளவரைவு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். ஓரியல் மூலங்கள்னு பிளஸ் டூ பாடத்துல இருக்கிறதுதான், தப்பில்ல. ஆனா இங்க நடக்குறதே வேற, ஓரியல்பு (ஒளியலைங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற தன்மை) ரொம்பக் குறைஞ்ச தூரத்துக்கு மட்டும் இருக்கிற அகச்சிவப்பு ஒளிய அனுப்புறாங்க, மெஷினுக்குள்ள இருக்கிற கண்ணாடில பட்டு வர்ற ஒளியும் விழித்திரைல பட்டு வர்ற ஒளியும் ஏறக்குறைய ஒரே தூரம் போயிருந்தாதான் குறுக்கீட்டு விளைவு வரும், அத வச்சுத்தான் எந்த ஆழத்துலேர்ந்து வந்ததுன்னு பிரிக்குறாங்க. இவ்வளவையும் பேருக்குள்ள திணிக்க முடியாது. படத்துல தெரியுறது அடுக்கடுக்கா விழித்திரை. அதனால ஒளியடுக்குப் படம். சொன்ன உடனே பாட்டிக்கும் புரியும், டாக்டருக்கும் புரியும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வரேன். ஓசிடி ரிப்போர்ட்ட கையில வாங்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும், பார்வை நரம்பு கிளம்புற வட்டத்தச் சுத்தி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கட்டம் போட்டிருக்கும். சிவப்புன்னா நோய்னு அர்த்தமில்ல, அந்த மெஷின்ல பதிஞ்சு வச்சிருக்கிற ஆரோக்கியமான அதே வயசுக்காரங்க 100 பேர்ல 99 பேர விட இவருக்குப் படலம் மெலிசுன்னு மட்டும்தான். கிளாக்கோமா (பார்வை நரம்பப் பாதிக்குற கண் நோய்) இருந்தாலும் சிவப்பு வரும், மைனஸ் பவர் அதிகமா இருந்தாலும் வரலாம். நல்ல கண்ணுல அந்தப் படலம் சராசரியா 90லேர்ந்து 100 மைக்ரான் வரைக்கும் இருக்கும், அல்சைமர் குழுவுக்கும் மத்தவங்களுக்கும் ஆய்வுகள்ல தெரியுற வித்தியாசம் சில மைக்ரான்தான். ஆயிரம் பேர சராசரி எடுத்தா தெரியுற வித்தியாசம், எதிர்ல உக்காந்திருக்கிற ஒரே ஆளுகிட்ட தீர்மானமா தெரியாது. 2018ல வந்த பிரிட்டன் பயோபேங்க் (பெரிய உடல்நலத் தகவல் தொகுப்பு) ஆய்வுல 30,000க்கும் மேல ஆளுங்களப் பாத்தாங்க, படலம் மெலிஞ்சவங்க ஞாபக, சிந்தனைச் சோதனைகள்ல கொஞ்சம் பின்தங்கினாங்க, சில வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் அவங்களுக்குத்தான் சரிவு அதிகம். நல்ல செய்திதான், நானும் இத நம்பிக்கையோடதான் கவனிச்சுட்டு வரேன், ஏன்னா அமிலாய்டு (அல்சைமர்ல மூளைல படியுற புரதம்) பெட் ஸ்கேன் எடுக்குற செலவும், முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்குற வலியும் எல்லாருக்கும் முடியுற காரியமில்ல. ஆனா இத "கண்டறிதல்"னு சொல்லக்கூடாது. அறுபத்தஞ்சு வயசு அம்மா ஒருத்தங்க கண்ணாடி மாத்தப் போயிட்டு "மறதிநோய் கண்டறிதல்"னு தலைப்புல சிவப்புக் கட்டத்தோட ஒரு தாளக் கொண்டு வந்தா அந்த வீட்டுல அன்னைக்கு யாரு தூங்குவா?

அதனால பயோமார்க்கர் (நோயப் பத்தித் துப்பு குடுக்குற உடல் அளவு) ங்கிற இடத்துக்கு நான் வைக்குறது விழித்திரைத் தடயம். "விழித்திரைக் குறி"ன்னும் யோசிச்சேன், ஆனா குறின்னா குறி சொல்றது ஞாபகம் வருது, வரப்போறத முன்கூட்டியே அடிச்சுச் சொல்ற மாதிரி ஆயிரும். தடயம்னா போலீஸ்காரங்களுக்குக் கிடைக்குற தடயம் மாதிரி, அத வச்சு விசாரணைய ஆரம்பிப்பாங்க, தீர்ப்பு எழுத மாட்டாங்க.

இன்னொரு வசதியும் இருக்கு. தடயம்னு வச்சுட்டா படலம் மெலியுறது மட்டுமில்ல, நுண்ரத்தக்குழாய் மாற்றமும், அமிலாய்டு படிவும் எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும். லாஸ் ஏஞ்சலீஸ் சீடர்ஸ்-சைனை ஆஸ்பத்திரில, நம்ம மஞ்சள்ல இருக்கிற குர்குமின் அமிலாய்டோட ஒட்டிக்கிட்டு ஒளிரும்ங்கிறத வச்சு விழித்திரைப் படிவத் தேடி 2011ல எழுதினாங்களே, அதுக்கும் இதே சொல் பொருந்தும். (மஞ்சப்பால் குடிச்சா அல்சைமர் வராதுன்னு யாரும் இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டாம், அங்க அது வெறும் சாயம்.)

டிமென்ஷியாவுக்கு "மறதிநோய்" போதுமான்னு கேட்டிருந்தீங்க. போதாது. சில வகைல மறதி வர்றதுக்கு முன்னாடியே பேச்சும் நடத்தையும் மாறும். அதத் தனி மடல் இழையா எடுப்போம், அதுவரைக்கும் டிமென்ஷியான்னே எழுதலாம்.

அக்கா, நீங்க கண் ஆஸ்பத்திரில இருக்கீங்க, அங்க வர்றவங்க ஓசிடிய என்னன்னு சொல்லிக் கேக்குறாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. "ஒளியடுக்குப் படம் எடுக்கணும்"னு நாலு பேருகிட்ட சொல்லிப் பாத்து, புரியலன்னா அதையும் எழுதுங்க, சொல்ல மாத்திருவோம்.