கட்டமைப்புப் பொறியியலில் ஆய்வுப் பணி: எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
எம்.டெக். முடித்தபின் முனைவர் பட்டம் பெற்று, ஆய்விலும் கற்பித்தலிலும் ஈடுபட விரும்புகிறேன். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள், கார்பன் உமிழ்வு குறைந்த கான்கிரீட் ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த எல்சி3 சிமெண்டில், சாதாரண சிமெண்டின் முக்கியப் பொருளான கிளிங்கர் ஏறக்குறைய பாதியளவே போதும்; கிளிங்கருக்கு 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், களிமண்ணுக்கோ 800 டிகிரி அளவே போதுமானது என்பதால் எரிபொருளும் மிச்சமாகிறது. ஆனால் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும் குளோரைடு உப்பின் ஊடுருவலை நன்கு தடுக்கும் அதே கான்கிரீட்டில் கார்பனேற்றம் (காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு புகுந்து, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைப்பது) சற்று வேகமாக நடக்கிறது. ஆகவே உள்ளிருக்கும் கம்பி எந்தச் சூழலில் எத்தனை ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நிற்கும் என்பதை ஆராய இன்னும் நிறைய இடமிருக்கிறது.

பதில் 2:
தலைப்பைவிட ஆய்வகத்தை முதலில் பாருங்கள். சென்னை தரமணியிலுள்ள சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்), ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் பெரிய மாதிரிகளைச் சோதிக்கும் வசதி உண்டு. ஒரு தூணை வார்த்து, கம்பி எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என அளக்கும் திரிபுமானிகளைக் கம்பிகளில் ஒட்டி, 28 நாள் பதப்படுத்தியபின் சோதிக்கும் வேலையில் ஒரு மாதிரி பழுதானாலே ஒரு மாதத்திற்கு மேல் போய்விடும். எனவே அங்கு தற்போது பயிலும் ஆய்வு மாணவர்களிடம் நேரில் விசாரித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கணினி மாதிரியாக்கத்தை மட்டும் நம்பி முனைவர் பட்டம் செய்யலாமா?

பதில் 2:
செய்யலாம், ஆனால் பிறர் வெளியிட்ட சோதனைத் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காத மாதிரியை ஆய்விதழ்கள் எளிதில் ஏற்பதில்லை.