லுகேமியா பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா? திங்கள்கிழமைக்குள் பதில் சொல்லணும்

குளச்சல்காரன்:
என் தங்கச்சி மகனுக்கு நாலு வயசு. ரெண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், காலில் அங்கங்கே நீலம். மணலில் விழுந்து எழும்புகிற பையன்தானே என்று இருந்துவிட்டோம். ரத்தம் பார்த்ததும் அன்றைக்கே திருவனந்தபுரம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய், லுகேமியாவில் ஒரு வகை. சிகிச்சை தொடங்கிவிட்டது. இப்போது அடுத்த கட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கிறது, சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். சேர்ந்தால் எந்தப் பிரிவில் போடுவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு எடுக்குமாம். சேராவிட்டால் வழக்கமான மருந்து. 14 பக்கப் படிவம் கையில் இருக்கிறது.

மச்சான் தூத்தூர் படகில் ஆழ்கடலில் இருக்கிறார், கரைக்கு வர இன்னும் 18 நாள் ஆகும். அம்மாவோ, "என் பேரனை வச்சுப் பரீட்சை பார்க்க விடமாட்டேன்" என்று ஒரே அழுகை. தங்கச்சி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் என்ன சொல்ல?

வேளிமலை:
வேண்டாம் மக்கா. குலுக்கல் என்ற சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. எந்த மருந்து நல்லது என்று அவர்களுக்குத் தெரியாததால்தானே குலுக்குகிறார்கள்? 2009-ல் ஆந்திராவில் கம்மம் பக்கம் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பல பிள்ளைகளின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்தே இல்லை, விடுதி வார்டன்தான் போட்டிருந்தார். நாடாளுமன்றக் குழுவே அதைக் கண்டித்தது. இல்லாதவன் வீட்டுப் பிள்ளை என்றால் கையெழுத்து எளிதாகக் கிடைக்கும். வழக்கமான மருந்து இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

தோவாளை பிச்சி:
தம்பி, நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 11 வருஷம் நர்ஸாக இருந்தவள். வேளிமலை அண்ணன் சொன்ன கம்மம் விஷயம் உண்மை. ஆனால் "வழக்கமான மருந்து" என்கிறாரே, அது எங்கிருந்து வந்தது?

1947-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் லுகேமியா பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். மறு வருஷம் அவர் எழுதிய கட்டுரையில் இருந்தது 16 பிள்ளைகள். பத்துப் பேருக்கு நோய் அடங்கியது, அதுவும் சில மாதம்தான். அந்த மருந்தைச் செய்த கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். உங்கள் மருமகனுக்கு முதுகுத்தண்டில் போடுகிறார்களே, அதேதான்.

அந்த ஊசி போடும்போது பிள்ளையை இறால் மாதிரி வளைத்துப் பிடிக்க வேண்டும். முழங்கால் நெஞ்சில் முட்ட, தாடை கீழே இறங்க. எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய 16 பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டுக் கதையும் அதுதான். 1984-ல் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்று ஒரு சிகிச்சை முறையைத் தொடங்கின. அதற்கு முன்னால் இங்கே பிழைத்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு. அதற்கு அப்புறம்தான் நிலைமை மாறியது. அதில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரும் உங்கள் தங்கச்சி மாதிரிதான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

மருந்துவாழ்மலை:
இத்தனை விஷ மருந்து எதற்கு? வின்கிறிஸ்டின் என்று லுகேமியாவுக்குப் போடுகிறார்களே, அது நம் முற்றத்தில் நிற்கிற நித்தியகல்யாணி. அந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் போதாதா? முள்சீத்தா இலையும் சேர்க்கலாம்.

தோவாளை பிச்சி:
அண்ணா, தயவுசெய்து இதை இங்கே எழுதாதீர்கள். வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவது உண்மை. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போட மாட்டோம். பிள்ளைக்கு அதிலும் குறைவு, உயரமும் எடையும் பார்த்துக் கணக்குப் போடுவோம். அதே மருந்து ரத்தக்குழாயில் போகாமல் முதுகுத்தண்டில் தவறிப் போனால் உயிர் போய்விடும், அதனால் இரண்டு பேர் சரிபார்க்காமல் சிரிஞ்சைத் தொடவே மாட்டோம். உங்கள் கஷாயத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது? அந்த இலையில் இன்னும் எத்தனையோ சரக்கு இருக்கிறது, வெள்ளணுவைக் குறைக்கிறதும் உண்டு. வெள்ளணு இல்லாமல் கிடக்கிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பதா? முள்சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணமாக்கியதாக எந்த ஆதாரமும் இல்லை.

மண்டைக்காடு:
இடையில் ஒரு கேள்வி. மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு இருக்கிறதே, அதனால்தான் நம் பக்கம் பிள்ளைகளுக்கு இது வருகிறதா?

தோவாளை பிச்சி:
இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம் சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்தது. கதிர்வீச்சு கூடின இடத்தில் புற்றுநோய் கூடவில்லை. ஆனால் அது 30 வயசுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு, பிள்ளைகளுக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதற்குத் தனி இழை போடுங்கள், இந்தத் தம்பிக்குத் திங்கள்கிழமை வரைதான் நேரம்.

வேளிமலை:
இதுவரை நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு மூன்று வயசில் நியூரோபிளாஸ்டோமா வந்தது. நரம்புக் கட்டி. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது. முதலில் தெரிந்தது கண்ணில்தான். இரண்டு கண்ணையும் சுற்றி மை பூசினது போலக் கறுத்தது. கட்டிலிலிருந்து விழுந்திருப்பாள் என்றோம். பக்கத்து வீட்டு அம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி எட்டரை மணிக்கு, வராந்தாவில் நிற்கவைத்து ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து நிமிஷம். "எல்லாரும் போடுகிறதுதான்" என்றார்கள். நானும் போட்டேன். அது எதற்கான கையெழுத்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் போய் ஆறு வருஷம்.

அப்புறம்தான் நானே தேடிப் படித்தேன். அந்த நோய்க்கு டைனுடக்சிமாப் என்று ஒரு எதிர்ப்பொருள் மருந்து. 226 பிள்ளைகள் சேர்ந்த ஆராய்ச்சியில், இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்த மருந்து கிடைத்த பக்கம் 66 சதவீதம், மற்றப் பக்கம் 46. அமெரிக்கா 2015-லேயே அனுமதித்துவிட்டது. என் மகளுக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த விலைக்கு நான் எங்கே போவேன்? ஆராய்ச்சிக்கு உடம்பு எங்கள் பிள்ளைகளுடையது, பலன் வேறு யாருக்கோ. இதற்குப் பதில் சொல்லுங்கள் பிச்சி.

தோவாளை பிச்சி:
அண்ணா, மகளை நினைத்து மனசு வலிக்கிறது. அந்தக் கையெழுத்தை அப்படி வாங்கியது தப்பு, பெரிய தப்பு. எங்கள் வார்டில் நடந்திருந்தாலும் தப்பென்றுதான் சொல்வேன்.

விலை விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி, என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் அதற்கு வழி நம் பிள்ளைகளை ஆராய்ச்சியிலிருந்து விலக்குவது என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்குகிற மாதிரி மாற்றித் திரும்பச் செலுத்துவதைக் கார்-டி சிகிச்சை என்பார்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் சிறு பங்குதான். ஆனால் அப்போது கிடைத்த அனுமதி 15 வயசும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். நாலு வயசுப் பிள்ளைக்கும் வேண்டும் என்றால் நாலு வயசுப் பிள்ளைகளிடம் பார்த்தால்தானே முடியும்?

இன்னொன்று. ஆராய்ச்சி என்றாலே கூடுதல் மருந்து என்று நினைக்கிறோம். பல ஆராய்ச்சிகள் குறைக்கத்தான் சொல்லித்தந்தன. முன்பு ஏ.எல்.எல். பிள்ளைகளின் தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள், பிழைத்தவர்களுக்குப் படிப்பு, வளர்த்தி எல்லாம் அடிபட்டது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி 498 பிள்ளைகளுக்கு அது இல்லாமலே சிகிச்சை செய்து 2009-ல் முடிவைச் சொன்னது, பிள்ளைகள் நன்றாகவே பிழைத்தார்கள். உங்கள் மகளின் நோயிலேயே, கைக்குழந்தைக்கு வருகிற சில கட்டிகள் தானாகவே கரைந்துவிடும். ஜப்பானில் எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் சோதித்து முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தார்கள். கனடாவிலும் ஜெர்மனியிலும் முறையாக ஆராய்ந்து பார்த்தபோது, இப்படிச் சோதிப்பதால் சாவு குறையவில்லை என்று தெரிந்தது. ஜப்பான் நிறுத்திவிட்டது. ஆராயாமல் விட்டிருந்தால் தானாகக் கரைகிற கட்டிக்கு இன்னும் எத்தனை குழந்தைகளைக் கீறியிருப்பார்கள்?

குளச்சல்காரன்:
அக்கா, அப்படியானால் நாங்கள் போய் என்ன கேட்க வேண்டும்?

தோவாளை பிச்சி:
இரண்டு பிரிவிலும் என்ன மருந்து, எது கூடுகிறது, எது குறைகிறது என்று கேளுங்கள். சேராவிட்டாலும் இப்போது கிடைக்கிற கவனிப்பு அப்படியே கிடைக்குமா, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வர வேண்டும். ஆராய்ச்சியால் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் இருக்கிற பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். மச்சானிடம் பேச முடிந்தால் பேசிவிடுங்கள்.

எதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வீட்டு மாத்திரைக் காலம் என்று ஒன்று வரும். மொத்தச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம். தலைமுடி முளைத்து, பையன் ஓடத் தொடங்கிய பிறகு, இனி எதற்கு மாத்திரை என்று விடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் அங்கேதான் திரும்புகிறது. அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

வேளிமலை:
நான் மனசு மாறவில்லை. என் பிள்ளையாக இருந்தால் சேர்க்க மாட்டேன். ஆனால் பிச்சி சொன்ன கேள்விகள் நல்ல கேள்விகள், அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மக்கா, படிவம் தமிழில் இருக்கிறதா?

குளச்சல்காரன்:
மலையாளமும் ஆங்கிலமும்தான் அண்ணே. தங்கச்சிக்கு மலையாளம் பேச்சு புரியும், வாசிக்கத் தெரியாது.

வேளிமலை:
அப்படியானால் தமிழில் கேள். தரும்வரை பேனாவைத் தொட வேண்டாம். 14 பக்கத்தையும் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. எனக்கு மலையாளம் வாசிக்க வரும். இன்று ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் எழுதித் தருகிறேன். பிச்சி, மருந்துப் பெயர்களை நீங்கள் சரிபார்க்க முடியுமா?

தோவாளை பிச்சி:
அனுப்புங்கள் அண்ணா. பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

குளச்சல்காரன்:
அனுப்பிவிட்டேன். ஏழாம் பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அதைத் தங்கச்சியிடம் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.