மத்தியானம் மட்டும் இழுக்காத 5 வோல்ட் ரிலே

கேள்வி (பாயான் லெபாஸ், பினாங்கு):
ஜிங்க் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே சூட்டை வெளியே தள்ள ஒரு 240 வோல்ட் ஃபேன். கட்டுப்படுத்த ஈஎஸ்பி32 போர்டு, அதன் சிக்னலால் ரிலேயை ஓட்டும் யுஎல்என்2003 சிப், ஃபேனை ஆன் பண்ணும் காந்த ஸ்விட்சாக நீல நிற 5 வோல்ட் ரிலே. 45 டிகிரி தாண்டினால் ஓட வேண்டும். காலையில் சோதித்தால் 'டிக்' என்று இழுக்கிறது. மத்தியானம் சிக்னல் எல்ஈடி எரிகிறது, ரிலே அசைவதில்லை. புது ரிலே போட்டும் அதே கதைதான். சப்ளை 4.9 வோல்ட். என்ன பார்க்கலாம்?

பதில்:
ஃபேன் பிளக்கைக் கழற்றிவிட்டு, சிக்னல் இருக்கும்போது ரிலேக்குள் இருக்கும் காயிலின் (காந்தமாகும் செம்புச் சுருள்) இரண்டு காலிலும் மீட்டர் வைங்க தம்பி. சப்ளையில் அளந்து பயனில்லை.

கேட்டவர்:
4.0 வோல்ட், அண்ணே.

பதில்:
அதான். மீதி 0.9 வோல்ட்டை யுஎல்என்2003 தின்றுவிட்டது. உள்ளே இருப்பது டார்லிங்டன், அதாவது இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த ஜோடி, முழுசாக ஆன் ஆனாலும் அவ்வளவு பிடித்துக்கொள்ளும்.

இந்த ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், 71 மில்லியாம்ப். இழுக்க அதிகபட்சம் 5 வோல்ட்டில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட் போதும் என்பது டேட்டாஷீட் கணக்கு. ஆனால் அது 20 டிகிரி வாக்கில் அளந்தது. இழுப்பது கரண்டுதான், வோல்டேஜ் அல்ல. செம்புக் கம்பியின் ஓம் டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். கூரைக்கடியில் காயில் 55 டிகிரி ஆனால் 80 ஓம் ஆகிவிடும், இழுக்க 4.26 வோல்ட் வரை கேட்கலாம். உங்களிடம் 4.0தான். ஃபேன் எப்போது தேவையோ சரியாக அப்போதே மக்கர். எத்தனை புது ரிலே மாற்றினாலும் இதேதான்.

உறுதி செய்ய, மத்தியானம் இழுக்காத நேரத்தில் யுஎல்என் அவுட்புட் காலை ஒரு வயரால் கிரவுண்டில் தொடுங்க. உடனே இழுத்தால் சந்தேகமே இல்லை.

இன்னொருவர்:
யுஎல்என்னை விட மனசில்லை என்றால் 12 வோல்ட் ரிலே போடலாம். 400 ஓம், 30 மில்லியாம்ப்தான். 12இல் 0.9 போனால் வலிக்காது. ஈஎஸ்பிக்குத் தனியாக 12ஐ 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வேண்டும், யுஎல்என்னின் 9ஆம் கால் 12 வோல்ட்டுக்குப் போக வேண்டும்.

கேட்டவர்:
5 வோல்ட்டிலேயே முடிக்கணும். யுஎல்என்னுக்குப் பதிலாக, கையில் பிசி547 டிரான்சிஸ்டர் இருக்கு, போடலாமா?

பதில்:
வேண்டாம். அதன் எல்லை 100 மில்லியாம்ப். அந்தப் பக்கம் நெருங்க நெருங்க அதுவும் அரை வோல்ட் வரை தின்னக்கூடும். 2என்2222 வாங்குங்க, பேஸில் 470 ஓம். 3.3 வோல்ட் பின்னிலிருந்து ஐந்தரை மில்லியாம்ப் போகும், நன்றாக சாச்சுரேட் ஆகும், அதாவது முழுசாக ஆன் ஆகும். காயிலுக்கு 4.7 கிடைக்கும். காயில் அணையும்போது எகிறும் வோல்டேஜை அடக்க யுஎல்என்னுக்குள் இருந்த டையோடு இனி இல்லை, அதனால் காயிலுக்குக் குறுக்கே 1என்4007, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மறந்தால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஒன்று மட்டும் கவனம்: 2என்2222இன் வகைகளான பிஎன்2222, பி2என்2222 இரண்டுக்கும் இடையே எமிட்டர், கலெக்டர் கால்கள் இடம் மாறியிருக்கும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, கவரில் எழுதியிருப்பதை நம்பாமல் மீட்டரில் பார்த்துவிட்டே சாலிடர் பண்ணுங்க.