நிறுவன முறைகேட்டை இணையவழியில் புகார் செய்வது பாதுகாப்பானதா?

கேள்வி:
பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். போலி விலைப்பட்டியல்கள் வழியாகப் பணம் வெளியேறுவதற்கான சான்றுகள் என்னிடம் உள்ளன. நிறுவனத்தின் இணையப் புகார்த் தளத்தை வெளியார் நடத்துகின்றனர். பெயர் குறிப்பிடாமல் எழுதினால் என் அடையாளம் வெளிப்படாதா?

மறுமொழி 1:
தளம் பெயரைக் கேட்காவிட்டாலும், அலுவலகக் கணினியிலோ அலுவலக வைஃபையிலோ அதைத் திறந்தால் நீங்கள் அங்கு சென்ற தடம் நிறுவனத்தின் பதிவுகளில் தங்கிவிடக்கூடும். ஆகவே சொந்தக் கருவியையும் சொந்த இணைப்பையுமே பயன்படுத்துங்கள். இணைக்கும் கோப்புகளுக்குள் அவற்றை உருவாக்கியவரின் பெயர் பதிந்திருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். குளோபலீக்ஸ் என்னும் திறமூல மென்பொருளில் இயங்கும் தளங்கள் 16 இலக்க ரசீது எண்ணைத் தரும். அதைக் கொண்டு பெயரின்றியே விசாரணையாளருடன் தொடர்ந்து உரையாடலாம்.

மறுமொழி 2:
அந்த ஆவணங்களை எத்தனை பேர் பார்க்க முடியும் என்பதே என் பார்வையில் பெரிய கேள்வி. இருவர் மட்டுமே அறிந்த செய்தியை வெளியிட்டால், சொன்னவர் யார் என்பதை எந்த மறையாக்கமும் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) மறைக்காது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 177ஆவது பிரிவு, தக்க சூழலில், நிறுவன இயக்குநர் அவையின் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் இடமளிக்கிறது.

மறுமொழி 3:
மத்தியப் பொதுத்துறை நிறுவனமெனில் முறைகேட்டைத் தெரிவிப்போரைக் காக்க மத்திய அரசு வெளியிட்ட 2004ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்கீழ் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். அங்கு பெயரில்லாப் புகார் ஏற்கப்படாது. ஆனால் பெயரை இரகசியமாகக் காப்பது ஆணையத்தின் பொறுப்பு.