சிபிடி எண்ணெயும் நீரிழிவுக் குளிசைகளும்: ஒரு விளக்கம் தேவை

குழுவிலுள்ள வைத்தியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் எங்களுடன் வசிக்கும் மாமி, நீரிழிவுக்காக மெட்போமின் 500 மில்லிகிராம் குளிசையைக் காலையும் இரவும், கிளிக்ளசைட்டைக் காலைச் சாப்பாட்டுடனும் எடுத்து வருகிறார். முழங்கால் வலிக்கென்று, கனடாவிலிருந்து வந்த மகள் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் சிபிடி எண்ணெயைச் சிறிய சொட்டுப் போத்தலொன்றில் கொடுத்திருக்கிறார். (அங்கே 2018 முதல் கஞ்சா சட்டபூர்வமானது, இங்கே சட்டம் அப்படியல்ல என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.)

மெட்போமின் ஈரலில் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியே அப்படியே வெளியேறுவதால் அதைப்பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. மெட்போமின், சிபிடி இரண்டுமே வயிற்றோட்டத்தைத் தரக்கூடியவை என்பது மட்டும் உறுத்துகிறது. கூடுதல் கவலை கிளிக்ளசைட்தான். அதைச் சிதைக்கும் சிவைபி 2சி9 என்ற ஈரல் நொதியத்தைச் சிபிடி மந்தப்படுத்தக்கூடியது என்பதால், மருந்து இரத்தத்தில் தேங்கி, மாமி நேரத்துக்குச் சாப்பிடாத நாளில் சீனி திடீரென இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

கிளினிக் திகதி வரை போத்தலைத் திறக்க வேண்டாமென்றால், "எண்ணெய்தானே, மருந்தில்லையே" என்கிறார் மாமி. சிபிடி எண்ணெயையும் இந்தக் குளிசைகளையும் சேர்த்து எடுத்தவர்களைக் கவனித்த அனுபவமுள்ளவர்கள், ஈரல் பரிசோதனை முன்கூட்டியே அவசியமா, கிளினிக்கில் வைத்தியரிடம் குறிப்பாக எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.