புதுப்பிப்பு: ராணுவ டெண்டரில் 500 புஷ் கிடைத்தது

கோவையில் நாலு லேத் வைத்திருக்கும் நான், முன்வைப்புத் தொகை (டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பிணைப்பணம்) கட்டாததால், அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் பாதுகாப்புத் துறை டெண்டர் ஒன்றில் தள்ளப்பட்டதைப் புலம்பியிருந்தேன் அல்லவா? "சிறு தொழிலுக்கு விலக்கு உண்டே" என்று பலர் கேட்டீர்கள். உண்டுதான். ஆனால் சிறு தொழில் பதிவுக்கான என் உத்யம் சான்றிதழில் தொழில் வகை 'வர்த்தகம்' என்று இருந்தது. வாங்கி விற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பதிவு செய்த அன்று அவசரத்தில் தட்டியது, தப்பு என்னுடையதுதான். 'உற்பத்தி' என்று திருத்திவிட்டு அடுத்த டெண்டரில் இறங்கினேன்.

கேட்டது 2,000 வெண்கல புஷ், அதாவது தண்டு சுழலும் துளையில் பொருத்தும் உருளை வளையம். குறைந்த விலை சொன்னது ஒரு பெரிய கம்பெனி. என் விலை அதைவிட 11 சதவீதம் அதிகம். கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சிறு தொழிலுக்கான மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணைப்படி, குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாகச் சொன்ன சிறு நிறுவனம் அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால், 25 சதவீதம் வரை ஆர்டர் பெறலாம். இறங்கினேன். 500 புஷ்.

லாபமா? டீச்செலவுக்குத் தேறும். முதல் 40 புஷ் அளவில் சரியாக இருந்தும் திரும்பி வந்தன. புஷ் கடையும் வெண்கலத் தடியில் குத்தியிருந்த ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்), அதன் சோதனைச் சான்றில் இருந்ததும் ஒரு இலக்கம் வேறு. இப்போது தடி வந்ததுமே போட்டோ எடுத்து வைக்கிறோம்.

மிச்சம் போன வாரம் பாஸ் ஆகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை. சட்டப்படி அதிகபட்சம் 45 நாள், இன்று 9ஆவது நாள்.