மறு: 'ஹமோன்' தமிழில்: வெண்கோடா, தோய்வரியா?

> பழைய ஜப்பானியக் குத்துவாளான டான்டோவில் கூர்வாயோரம் வெள்ளையாக ஓடுவதுதானே ஹமோன்? 'வெண்கோடு' போதாதா?

வணக்கம் ஐயா. அந்த வெள்ளையில்தான் சிக்கலே. ஹடோரி முறையில் மெருகிடுபவர் வாயோரத்தைச் சிறு கல்சில்லால் தேய்த்து வெளுப்பாக்குகிறார். வெளுப்பு ஹமோனை ஒட்டிப் போகும், ஆனால் அதுவே ஹமோன் ஆகாது. அமிலம் தடவிய போலியிலும் வெண்கோடு உண்டு. பெயரை நம்பிப் படிப்பவர் தவறான இடத்தைப் பார்ப்பார்.

ஹமோன் பிறப்பது தோய்ச்சலில். வாயோரம் மெல்லியதாகவும் முதுகுப்பக்கம் தடிப்பாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். பூச்சு மெலிந்த இடம் சட்டென்று குளிர்ந்து, மார்ட்டென்சைட் என்ற கடினமான எஃகு அமைப்பாகிறது. தடித்த இடம் மெதுவாகக் குளிர்ந்து, பெர்லைட் என்ற மென்மையான அமைப்பாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையே ஹமோன். 'தோய்ச்சல்' நம் கொல்லுப்பட்டறைச் சொல். 'தோய்வரி' என்று வினைத்தொகையாக்கினால் சின்னதாகவும் இருக்கும், பிறப்பையும் சொல்லும்.

> எல்லையில் வரும் 'நியோய்'க்கு அகராதிப்படி 'மணம்' என்று போடலாமா?

வேண்டாம், பொருள் கெட்டுவிடும். ஒரே ஒரு விளக்கை வைத்து, அதன் ஒளி வாயருகே பட்டுத் திரும்பும்படி வாளைச் சாய்த்துப் பாருங்கள். எல்லை பனிமூட்டம்போல் படர்ந்தால் நியோய். தனித்தனிப் பொடியாக மினுங்கினால் நியெ. இரண்டும் மார்ட்டென்சைட்தான், மணியின் பருமன்தான் வேறு. ஆகவே நியோய்க்குத் தோய்பனி, நியெக்குத் தோய்மணி. வாள் செய்யும் மரபுகளைப் பிரிக்க இவை உயிர்நாடி: சோஷூ மரபு வேலையில் தோய்மணி நிறைந்திருக்கும், பிசென் மரபு வேலையில் தோய்பனி மேலோங்கும், வரிக்கு மேலே 'உட்சுரி' என்ற மங்கலான நிழலும் தெரியலாம். அதற்குச் 'சாயல்' பொருத்தம்.

> அப்படியானால் தோய்வரியை வைத்தே காலத்தையும் சொல்லிவிடலாமே?

முடியாது. தீவிபத்தில் பதம் போன வாளை மறுபடி தோய்த்திருந்தால் வரி புதியது. வடிவத்தைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். காமகுராக் காலக் (1185–1333) குத்துவாள் பெரும்பாலும் 25 செ.மீ. அளவில், முதுகு நேராகவோ வாய்ப்பக்கம் லேசாகக் குனிந்தோ இருக்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அகன்று, மெலிந்து, 30 செ.மீ.யைத் தாண்டி, மறுபக்கமாக லேசாக வளையும்.

பிடிக்குள் போகும் பகுதியின் கருந்துருவை யாரும் தேய்த்துவிடக்கூடாது. துரு போனால் வயதுக்கான சாட்சியும் போயிற்று. அந்தப் பகுதிக்குக் 'காம்பு' என்றீர்கள். அது பிடியையும் குறிக்குமே. 'வால்' என்றே வைப்போம்.